உங்கள் வேலைக்கு எந்த டயறி?

மார்கழி பிறந்தால் யாழ்ப்பாண வீடுகளுக்குள் டயறிகள் கேளாமலே வந்து சேரும். வங்கி ஒன்று தரும். காப்புறுதி முகவர் ஒன்று கொண்டுவருவார். மருந்துக் கம்பனியில் வேலை செய்கிற உறவினர் பையிலிருந்து இன்னொன்று வெளியே வரும். மட்டை வடிவாக இருக்கும், ஆண்டு பொன்னிறத்தில் பதிந்திருக்கும். முதற் பக்கத்தில் பெயரும் முகவரியும் இரத்த வகையும் ஒழுங்காக நிரப்பப்படும். தைப்பொங்கலோடு எழுத்து நின்றுவிடும். மாசியில் அது பால்கணக்குக் கொப்பி. சித்திரையில் சின்னப்பிள்ளை படம் கீறுகிற கொப்பி.

இதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே ஆட்கள் சீட்டுக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். கலியாணத்துக்கு வந்த மொய்யைப் பதினைந்து வருடம் கழித்தும் கொப்பியில் தேடி எடுக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களோ எழுத விருப்பமில்லாதவர்களோ அல்ல. கையில் கிடைத்த டயறி அவர்களுடைய வேலைக்கென்று செய்யப்பட்டதல்ல, அவ்வளவுதான்.

அது யாருக்கென்று செய்யப்பட்டது? லண்டன் றோயல் எக்ஸ்சேஞ்சில் எழுதுபொருள் வியாபாரம் செய்த ஜோன் லெற்ஸ் 1812இல் திகதி அச்சிட்ட வணிக டயறியை முதன்முதலாக விற்பனைக்கு விட்டார். வாங்கியவர்கள் வியாபாரிகள். எந்தக் கப்பல் எப்போது துறைமுகத்துக்கு வரும், எந்தப் பணம் எந்தத் திகதியில் கைமாறும் என்பதே அவர்களுடைய கவலை. திகதிக்கு ஓர் இடம் ஒதுக்கி, அதில் இரண்டு வரி எழுத விட்டால் அவர்களுக்குப் போதும். இருநூறு வருடம் கழித்து நம் மேசைக்கு வருகிற வங்கி டயறியும் அதே அமைப்புத்தான்.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வேலை எதனால் அளக்கப்படுகிறது? மணியாலா, திகதியாலா, கிழமையாலா, நட்டு எத்தனை நாள் என்பதாலா, நிலவாலா, கடல் தாண்டி இருக்கிற இன்னொருவருடைய கடிகாரத்தாலா? விடை தெரிந்தால் டயறி தானாகத் தெரியும். மட்டையின் நிறம், நாடா, உள்ளே பேனை செருகுகிற வளையம் எல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ஒரு குடாநாடு, பல நாட்காட்டிகள்

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் சிக்கலானது. சுவரில் ஆங்கில மாதக் கலண்டர் தொங்கும், சுவாமி அறையில் பஞ்சாங்கம் இருக்கும். அதிலும் இரண்டு வகை: கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம், மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம். ஒரே திதி இரண்டிலும் சில மணிநேரம் முன்பின்னாக வரும், சில விரதங்கள் ஒரு நாள் தள்ளியே போய்விடும். சனிப்பெயர்ச்சியில் திருக்கணிதம் 2025 மார்ச்சையும் வாக்கியம் 2026 மார்ச்சையும் சொன்னபோது, இரண்டு பஞ்சாங்கக்காரர் இருக்கிற வீட்டில் ஒரு வருடம் முழுக்க விவாதம் நடந்திருக்கும்.

அரசாங்கம் பௌர்ணமிதோறும் போயா விடுமுறை விடுகிறது. 1966 முதல் 1971 வரை சனி, ஞாயிறு விடுமுறையே இல்லாமல் சந்திரனின் நான்கு நிலைகளை வைத்து வாரத்தை ஓட்டியதும் இதே நாடுதான். ஒரு வாரம் ஏழு நாள், இன்னொரு வாரம் எட்டு நாள் என்று வந்தது. அந்தக் காலத்தில் கந்தோருக்குப் போனவர்களிடம் ஒரு கிழமைக்கு இரண்டு பக்கம் அடித்த டயறியைக் காட்டினால் சிரிப்பார்கள்.

கடிகாரமும் சும்மா இருக்கவில்லை. 1996 மே மாதம் இலங்கை நேரம் ஒரு மணிநேரம் முன்னே தள்ளப்பட்டது, ஒக்ரோபரில் அதில் அரைமணி திருப்பி எடுக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு வந்தோம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்தை விடவேயில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போனவர்களுக்கு முகமாலையில் ஒரு நேரம், ஓமந்தை தாண்டினால் இன்னொரு நேரம். பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்காமல் ஒருவரும் சந்திப்பு வைக்கவில்லை.

இன்றைய நடைமுறைக்கு நல்லூர்க் கோயிலை எடுத்துக்கொள்வோம். திருவிழா 25 நாள். கொடியேற்றம் 2023இல் ஓகஸ்ட் 21, 2024இல் ஓகஸ்ட் 9, 2025இல் ஜூலை 29. 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் அமாவாசையில் தீர்த்தம். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் ஓடாது, மாற்றுப் பாதையால்தான் போகவேண்டும். கோயிலடியில் கடை வைத்திருப்பவருக்கு அது ஆண்டின் பெரிய வியாபாரம். அந்தப் பக்கத்தால் வேலைக்குப் போகிறவருக்கு இருபது நிமிடம் முந்தி வெளிக்கிடவேண்டிய காலம். வெளிநாட்டு உறவினர் வந்து நிற்கிற வீட்டில் லீவு கணக்கெல்லாம் அதைச் சுற்றித்தான். நல்லூரில் பூசை ஒரு நிமிடம் பிந்தாது என்று ஊரே சொல்லும். ஆனால் போன வருட டயறியைப் பார்த்து இந்த வருடத் திகதியைச் சொல்ல முடியாது.

இவ்வளவையும் ஒரே டயறி காட்டவேண்டும் என்று எதிர்பார்த்தால் எதையும் வாங்க மாட்டோம். உங்கள் வேலையை நேரடியாகத் தொடுகிற ஒன்றிரண்டைக் காட்டினால் போதும். மற்றவை சுவரில் தொங்கட்டும்.

ஆசிரியரின் ஆண்டு எப்போதும் ஜனவரியில் தொடங்குவதில்லை

குடாநாட்டில் டயறியை அதிகம் வாங்குகிறவர்கள் ஆசிரியர்கள், அதிகம் ஏமாறுகிறவர்களும் அவர்கள்தான். முன்பு பாடசாலை ஆண்டு ஜனவரி முதற் கிழமையில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. கொரோனாவுக்குப் பிறகு அந்த ஒழுங்கு குலைந்தது. 2022ஆம் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கியது, 2023 மார்ச் கடைசியில், 2024 பெப்ரவரியில், 2025 ஜனவரி கடைசியில். ஓகஸ்டில் நடந்துவந்த உயர்தரப் பரீட்சையும் இடம்மாறியது. 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 பெப்ரவரியிலும், 2022க்குரியது 2023 ஜனவரியிலும், 2023க்குரியது 2024 ஜனவரியிலும் நடந்தன. 2024க்குரியது அதே ஆண்டு நவம்பரில் தொடங்கியது.

இந்த நிலையில் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை அடித்த டயறியை வாங்கிய ஆசிரியர், சில ஆண்டுகளில் முதல் மூன்று மாதமும் போன ஆண்டின் கடைசித் தவணையை எழுதிக்கொண்டிருந்தார். புதிய வகுப்பு, புதிய நேரசூசி எல்லாம் டயறியின் நடுவில் தொடங்கின.

ஆசிரியருக்கு என் பரிந்துரை திகதி அச்சிடாத கிழமைத் திட்டக் கொப்பி. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நிரல், எட்டுப் பாடவேளைக்கு எட்டு வரிசை, கீழே கொஞ்சம் வெற்றிடம். தவணை தொடங்குகிற நாளில் திகதியை நீங்களே எழுதலாம், பள்ளிக்கூடம் பூட்டினால் கொப்பியும் ஓய்வெடுக்கும், தாள் வீணாகாது. இப்படி அடித்தது கடையில் கிடைக்காவிட்டால் ஒரு 160 பக்க சீ.ஆர். கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போடலாம். ஒரு ஞாயிறு பின்னேரம் ஒரு தவணைக்குரிய பக்கங்களைக் கீறி முடித்துவிடலாம். பாடக்குறிப்பு எப்படியும் தனியாக எழுதத்தான் வேண்டும், அதை இதற்குள் திரும்ப எழுதாதீர்கள். இதில் இருக்கவேண்டியவை பாடக்குறிப்பில் இல்லாதவை: எந்த வகுப்பின் கொப்பி திருத்தக் கிடக்கிறது, எந்தப் பிள்ளையின் தாயை வரச்சொன்னது, எந்தப் படிவம் வலயக் கல்விப் பணிமனைக்கு எப்போது போகவேண்டும்.

பின்னேரம் ரியூசன் கொடுப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான டயறிகளில் சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே பக்கம், அதுவும் பாதிப் பாதி. அச்சிட்டவர் கந்தோர்க்காரரை நினைத்து அச்சிட்டிருக்கிறார். ரியூசன் ஆசிரியருக்கு அந்த இரண்டு நாளும்தான் காலை ஆறரைக்குத் தொடங்கி இருட்டும்வரை வேலை. படப்பிடிப்பாளர், மணவறை அலங்காரம் செய்பவர், சமையல் ஒப்பந்தக்காரர் எல்லோருக்கும் இதே நிலைதான். கடையில் டயறியை விரித்தவுடன் முதலில் சனிக்கிழமைப் பக்கத்தைப் பாருங்கள். அது பாதியாக இருந்தால், உங்கள் வேலை அந்த நாளில் என்றால், திருப்பி வைத்துவிடுங்கள்.

தோட்டமும் கடலும்

கோப்பாய், உரும்பிராய், ஏழாலை, புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்பாட்டுத் தோட்டக்காரர் டயறி வைப்பதில்லை என்று நினைக்கிறோம். அவர் கணக்கு வைக்கிறார். ஆனால் அந்தக் கணக்கில் திகதி இரண்டாம் பட்சம். சின்ன வெங்காயம் நட்டு எத்தனையாம் நாள், உருளைக்கிழங்கு நட்டு எத்தனையாம் நாள் என்பதே அவருக்கு முக்கியம். எத்தனையாம் நாளில் பசளை, எத்தனையாம் நாளில் களை, எத்தனை நாளுக்கொருமுறை இறைப்பு என்று எல்லாம் நடுகை நாளிலிருந்து எண்ணப்படுகின்றன.

நாளுக்கு ஒரு பக்கம் என்ற டயறி இவருக்கு வீண் சுமை. ஒரு வருடத்தை ஒரே விரிப்பில் காட்டுகிற பெரிய தாள் ஒன்று போதும். மாதங்கள் குறுக்கே, ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு வரி. நவம்பர் 15இல் கிழங்கு நட்டால் அந்த வரியில் அங்கே ஒரு புள்ளி. அதிலிருந்து 90 நாள் எண்ணினால் பெப்ரவரி 13 வரும், அங்கே இன்னொரு புள்ளி. நடுவில் செய்யவேண்டியதைப் பென்சிலால் குறிக்கலாம். கையில் கொண்டுபோக ஒரு சிறிய சட்டைப்பைக் கொப்பி, அதில் துண்டுக்கு இரண்டு பக்கம்.

மருந்து அடிக்கிறவர் அந்தக் கொப்பியில் கட்டாயம் எழுதவேண்டிய ஒன்று உண்டு. போத்தலின் லேபிளில் கடைசியாக அடித்த பின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று போட்டிருப்பார்கள். அடித்த திகதியையும் அந்த நாள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எண்ணி வருகிற திகதியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டால், மருதனார்மடம் சந்தையில் விலை ஏறுகிறது என்று கேள்விப்பட்டு அவசரப்பட்டுப் பிடுங்குகிற ஆபத்து குறையும். விவசாயப் போதனாசிரியர் வந்து கேட்டாலும் காட்டலாம்.

கடற்றொழிலுக்குப் போகிறவரின் கணக்கு வேறு. நிலவு காலமா இருட்டுக் காலமா, சோழகமா வாடையா என்பவை முதலில். அதற்கு மேல் கடந்த சில பத்தாண்டுகளாக இன்னொரு நாட்காட்டி சேர்ந்துவிட்டது. இராமேசுவரம் பக்கத்து இழுவைப் படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி நாட்களில் புறப்படும். வலை அறுபடுமென்று அந்த இரவுகளில் வலை போடாமல் விடுகிற வடபகுதித் தொழிலாளர்கள் உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது இந்தப் பக்கத்துக் கடல் கொஞ்சம் மூச்சுவிடும். ஆக, வல்வெட்டித்துறையிலோ குருநகரிலோ ஒருவர் மாதத்தைத் திட்டமிட்டால் அதில் சந்திரன், காற்று, அயல்நாட்டுச் சட்டம் மூன்றும் இருக்கின்றன. அவருக்குச் சந்திர நிலை அச்சிட்ட மாதக் கலண்டர் ஒன்றைப் போல உதவும் டயறி கிடையாது. மாதம் முழுவதும் ஒரே தாளில், ஒரு நாளுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் போன இடம், பட்ட மீன், எண்ணெய்ச் செலவு. இதற்குத் தோல் மட்டை தேவையில்லை, உப்புக் காற்றில் அது பூஞ்சணம் பிடிக்கும்.

கடல் தாண்டிய கடிகாரம்

இப்போது குடாநாட்டில் பெருகிவருகிற வேலை, வேறு நாட்டவருக்காக வீட்டிலிருந்தே செய்கிற வேலை. திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ மாடி அறையில் இருந்து லண்டன் கம்பனிக்கு மென்பொருள் எழுதுகிறார் ஒருவர். இணுவிலில் ஓர் ஆசிரியை ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ன் பிள்ளைகளுக்குத் திரையில் வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுக்கிறார். இவர்களுடைய அலகு மணிதான். ஆனால் எந்த ஊர் மணி?

இலங்கை நேரம் வருடம் முழுவதும் ஒன்றே. அங்கே அப்படியில்லை. லண்டன் காலை 9 மணி, கோடையில் இங்கே பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. ரொறன்ரோ காலை 9 மணி, கோடையில் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. லண்டன் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும். ரொறன்ரோ மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். மெல்பேர்ன் ஏப்ரல் முதல் ஞாயிறிலும் ஒக்ரோபர் முதல் ஞாயிறிலும் எதிர்ப்பக்கமாக மாறும். இதனால் மார்ச்சின் நடுப்பகுதியில் கனடாப் பிள்ளை ஒரு மணி முந்தி வந்து காத்திருக்கும், லண்டன் பிள்ளை பழைய நேரத்திலேயே இருக்கும்.

இந்த வேலைக்கு மணிக்கு மணி கோடு போட்ட நாட்பக்க டயறி வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தக் கோடு இரவு 10 மணிவரை இருக்கவேண்டும். கடையில் கிடைப்பவை பல காலை 8இல் தொடங்கிப் பின்னேரம் 5 அல்லது 6உடன் முடிந்துவிடும். இவர்களுக்கு வேலை சூடுபிடிப்பதே அப்போதுதான். இந்த ஆறு ஞாயிறையும் டயறி வாங்கிய அன்றே சிவப்புப் பேனையால் குறித்துவிடுங்கள். சந்திப்புகளை யாழ்ப்பாண நேரத்தில் மட்டும் எழுதுங்கள், பக்கத்தில் ஊரின் முதலெழுத்துப் போதும். இரண்டு நேரத்தையும் எழுதினால் அவசரத்தில் தவறானதைத்தான் கண் பிடிக்கும்.

இந்த வகை வேலையில் மட்டும் கைப்பேசி நாட்காட்டி காகிதத்தைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நேர வலயத்தை அது தானே மாற்றிக்கொள்ளும். கூகிள் நாட்காட்டியில் இலங்கை விடுமுறைகளையும் சந்திர நிலைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றப் பக்கத்திலிருப்பவர் வைக்கிற சந்திப்பு தானாக வந்து விழும்.

மற்றவர்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். யாழ். போதனா வைத்தியசாலைத் தாதி ஒருவருக்கு இரவுக் கடமை ஒரு திகதியில் தொடங்கி அடுத்த திகதியில் முடிகிறது, நாட்பக்க டயறி ஒரே கடமையை இரண்டு பக்கமாகப் பிரித்துவிடும். மாதப் பெட்டியில் காலைக்கு ஒரு நிறம், பின்னேரத்துக்கு ஒரு நிறம், இரவுக்கு ஒரு நிறம் என்று அடித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினால் வீட்டாருக்கும் தெரியும். பிரதேச செயலகக் கள உத்தியோகத்தர் மாதம் பிறக்குமுன் முன்கூட்டிய நிகழ்ச்சித்திட்டமும், மாதம் முடிந்தபின் போய்வந்த விபர நாட்குறிப்பும் கொடுக்கவேண்டியவர். அவருக்கு ஒரு பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் போக நினைத்தது, வலப்பக்கம் போனது என்று வைத்தால் பயணப்படி கோரிக்கை எழுதுகிற நாளில் தலையிடி இராது. நெடுந்தீவில் வேலை என்றால் குறிகட்டுவானிலிருந்து படகு எப்போது என்பதே நாளின் தலைப்பு, அதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

நாதஸ்வர, தவில் வித்துவான்கள் வைத்திருக்கிற ஒப்பந்த டயறி எனக்கு மிகவும் பிடித்த வகை. அளவெட்டி, இணுவில் பக்கத்தில் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வரிக்கு ஒரு நாள், கோயில் பெயர், பேசிய தொகை, வாங்கிய முற்பணம். அவ்வளவுதான். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு இடத்தில் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே அதன் முழு வேலை. சித்திரைப் புத்தாண்டோடு புதிய பஞ்சாங்கம் வந்தபின் அடுத்த திருவிழாக் காலம் அதில் ஏறும். ஆடி, மார்கழியில் கலியாண வரிகள் வெறுமையாக இருக்கும். இரண்டு வருடத்தை ஒரே கொப்பியில் வைக்கிறவர் கெட்டிக்காரர், ஏனென்றால் வெளிநாட்டுக்காரர் கலியாணத்துக்கு ஒரு வருடம் முந்தியே கேட்பார்கள்.

கடையில்

இனி நவீன சந்தைப் பக்கத்திலோ கஸ்தூரியார் வீதியிலோ ஒரு கடைக்குள் நுழைந்தால் எதைப் பார்ப்பது?

அளவு. ஏ5 என்பது 148க்கு 210 மில்லிமீற்றர், கைப்பைக்கும் மோட்டார் சைக்கிள் இருக்கைப் பெட்டிக்கும் அடங்கும். ஏ6 அதில் பாதி, சட்டைப் பைக்கு. ஏ4 மேசையை விட்டு எழும்பாதவருக்கு மட்டும். கொண்டுதிரிய முடியாத டயறி நிகழ்ச்சி நடக்கிற இடத்தில் இராது, பிறகு எழுதலாம் என்று விட்டது எழுதப்படாது.

கட்டு. மேசையில் விரித்து வைத்துவிட்டுக் கையை எடுங்கள். தானாக மூடிக்கொண்டால் அது பசையால் ஒட்டியது, நம் வெயிலில் மே மாதத்துக்குள் தாள் கழரத் தொடங்கும். நூலால் தைத்தது மட்டமாக விரியும். சுருள்கம்பி நன்றாக விரியும், ஆனால் பைக்குள் நசுங்கி வளைந்துவிட்டால் தாள் திருப்ப வராது. வளையத்தில் கோத்துத் தாள் மாற்றுகிற வகை லண்டனில் 1921இல் தொடங்கிய பைலோபாக்ஸ் கம்பனியால் பெயர் பெற்றது, 1980களில் அங்கே கௌரவச் சின்னமாகவே ஆகிவிட்டது. யோசனை நல்லது. ஆனால் அதற்கேற்ற துளையிட்ட தாள் இங்கே தொடர்ந்து கிடைக்குமா என்று வாங்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்.

தாள். 70 கிராமுக்குக் குறைந்ததில் ஜெல் பேனை மறுபக்கம் தெரியும். வியர்வைக் கையாலும் கார்த்திகை மழையாலும் மை பரவாமலிருக்கப் பந்துமுனைப் பேனையே நல்லது. மாறக்கூடியதைப் பென்சிலால் எழுதுங்கள்.

விடுமுறைப் பட்டியல். இந்தியாவிலோ இங்கிலாந்திலோ அச்சானதில் போயா இராது. தீபாவளியும் தைப்பொங்கலும் இருந்தாலும் அது போதாது. பிறகு வங்கி பூட்டியிருக்கிற நாளில் காசு மாற்றப் போய் நிற்கவேண்டி வரும்.

தண்ணீர் குடித்த கணக்கு, மனநிலைக்கு முகப்படம், இன்று எதற்கு நன்றி சொல்கிறீர்கள் என்று கேட்கிற பக்கங்கள் நிறைந்த டயறிகளும் இப்போது வருகின்றன. விருப்பமுள்ளவர் வாங்கட்டும். வேலைக்கான இடத்தில் பாதியை அவை தின்றுவிடுகின்றன என்பது என் முறைப்பாடு.

எதுவும் பொருந்தவில்லையா? அமெரிக்க வடிவமைப்பாளர் றைடர் கறோல் 2013இல் வெளிப்படுத்திய புல்லட் ஜேர்னல் முறை வெற்றுக் கொப்பி ஒன்றை மட்டுமே கேட்கிறது. முதற் பக்கங்களில் பொருளடக்கம், பக்கங்களுக்கு எண், செய்யவேண்டியதற்கு முன்னால் ஒரு புள்ளி, செய்துமுடித்தால் புள்ளியின் மேல் பெருக்கல் குறி, தள்ளிப்போட்டால் ஓர் அம்புக்குறி. இணையத்தில் அதை வண்ணச் சித்திரமாக ஆக்கிவைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அட்லஸ் கொப்பியும் நீலப் பேனையும் போதும்.

கைப்பேசி இருக்கும்போது எதற்கு?

நியாயமான கேள்வி. நினைவூட்டும் மணி கைப்பேசியில் மட்டும்தான் அடிக்கும். மருந்து நேரம், கடன் தவணை நாள், அடகு நகை மீட்கவேண்டிய கடைசித் திகதி போன்றவற்றை அதில்தான் வைக்கவேண்டும். ஆனால் ஒரு கிழமையை ஒரே பார்வையில் கண்டு, எங்கே இடைவெளி இருக்கிறது என்று எடைபோடுவதற்குச் சின்னத் திரை உதவாது. விரித்த தாளில் அது ஒரு நொடி வேலை.

மின்சாரத்தை நம்பி இருப்பது பற்றியும் இந்த ஊருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1990களில் தேசிய மின் இணைப்பும் இல்லை, பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள், வானொலி கேட்க சைக்கிள் டைனமோவைச் சுற்றிய ஊர் இது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. அதே மாதம் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போனதையும் சொல்லவேண்டும், காகிதமும் சாசுவதமல்ல. இரண்டும் வைத்திருப்பவர்கள் ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மணி நேரத்தோடு வருகிற சந்திப்பு கைப்பேசியில், செய்து முடிக்கவேண்டிய வேலை தாளில். ஒன்றையே இரண்டிலும் எழுதினால் ஒரு மாதத்தில் இரண்டும் இரண்டு கதை சொல்லும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு கிழமைக்கு ஒரு பழைய கொப்பியில், வேலை வர வர, எந்த ஒழுங்கும் இல்லாமல் எழுதுங்கள். முடிவில் பாருங்கள். ஒரு நாளுக்கு நான்கு வரிக்கு மேல் வரவில்லையென்றால் கிழமை டயறி போதும். பக்கம் நிரம்பி வழிந்தால் நாட்பக்கம். எழுதியதில் பாதி யாரோ தொலைபேசியில் சொன்னவை என்றால் உங்களுக்கு வேண்டியது குறிப்புப் பக்கங்கள் நிறைய உள்ளது. அதே கொப்பியில் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரமென்று நினைத்தீர்கள், எவ்வளவு பிடித்தது என்றும் குறித்தால் இன்னும் நல்லது. ஒரு வேலைக்குப் பிடிக்கும் நேரத்தை மனிதர் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்று உளவியலாளர்கள் டானியல் கானெமனும் ஏமோஸ் ட்வர்ஸ்கியும் 1979இலேயே எழுதிவிட்டார்கள். முன்பு பலமுறை பிந்தியது தெரிந்திருந்தும் அப்படித்தான் செய்வார்களாம். கச்சேரியில் ஓர் அலுவல், வங்கியில் ஓர் அலுவல், பிறகு சுன்னாகத்தில் ஒரு செத்தவீடு என்று ஒரே காலைக்குள் மூன்றை எழுதுகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் மூன்றிலொரு பங்கைக் காலியாக விடுங்கள். எட்டுச்சிலவு, அந்தியேட்டி, திடீரென்று வந்திறங்குகிற கனடாச் சித்தப்பா எல்லாம் அதற்குள்தான் வரவேண்டும்.

எப்போது வாங்குவது என்பது மிச்சம். திகதி அச்சிட்டது வேண்டுமென்றால், அவசரமில்லாதவர் ஜனவரி இரண்டாம் கிழமைவரை பொறுக்கலாம். விற்காமல் கிடக்கும் டயறி நாளுக்கு நாள் மலிவாகும், பேரம் பேசலாம். நினைத்த அளவு கட்டாயம் வேண்டுமென்றால் டிசம்பரிலேயே போகவேண்டும், ஏ5 கிழமை டயறி முதலில் தீரும். ஆசிரியர்கள் கல்வி அமைச்சின் தவணைத் திகதிகள் வரும்வரை காசைப் பையிலேயே வைத்திருக்கட்டும். திகதி இல்லாததை வைகாசியிலும் வாங்கலாம், அன்றைக்கே தொடங்கலாம்.